கடற்பாசியிலிருந்து எரிபொருள் – ஒரு தெப்பத்தின் கணக்கு



நம் வண்டிகளுக்குப் போடும் பெட்ரோலில் இன்று ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 20 சதவீதக் கலப்பு என்ற இலக்கை இந்தியா 2025-இல் எட்டியது. இந்த எத்தனால் எங்கிருந்து வருகிறது? கரும்புச் சாறு, மொலாசஸ், மக்காச்சோளம், அரிசி. அதாவது எல்லாமே வயலிலிருந்துதான் வருகிறது.

சோரியாங்குப்பத்தில் பிறந்தவனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தென்பெண்ணைக்கு இந்தப் பக்கம் நாம். அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். 1842-இல் தொடங்கிய நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. கரும்பு எவ்வளவு தண்ணீர் குடிக்கும், ஒரு வருஷம் நிலத்தை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது பாகூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். சோறு போடுகிற நிலத்தையே வண்டிக்கும் தீனி போடச் சொன்னால் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இந்தக் கேள்வியிலிருந்துதான் விஞ்ஞானிகளின் பார்வை கடல் பக்கம் திரும்பியது. கடலில் விளையும் பாசிக்கு நிலம் வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம், யூரியா வேண்டாம். அதிலிருந்து எரிபொருள் எடுக்க முடியுமா? முடியும் என்று நம் நாட்டு ஆய்வுக்கூடமே செய்து காட்டியிருக்கிறது. அப்படியானால் ஏன் இன்னும் பங்க்குக்கு வரவில்லை? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பதில் நம்ம பாடப்புத்தகத்து மாஸ் பேலன்ஸ், ஹீட் பேலன்ஸ் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

பாசி என்பது எது?

பாசி என்றதும் குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பச்சைதான் பலருக்கு ஞாபகம் வரும். அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசி. நுண்பாசியின் சில இனங்களில் எண்ணெய் அதிகம். அதனால்தான் பாசியிலிருந்து பயோடீசல் என்ற பேச்சு வந்தது.

நாம் இங்கே பேசப்போவது அதுவல்ல. கடலில் செடிபோல் வளரும் பெரும்பாசி. இதில் பச்சை, பழுப்பு, சிவப்பு என மூன்று கூட்டங்கள் உண்டு. ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லி, முங்கி எடுத்து, காயவைத்து விற்கிறார்களே, அவையெல்லாம் இந்த வகைதான்.

பெரும்பாசியில் எண்ணெய் மிகக் குறைவு. ஆகவே இதைப் பிழிந்து டீசல் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இதில் இருப்பது மாவுப்பொருள், அதாவது சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த பொருள். சிவப்புப் பாசியில் கராஜீனன், அகார்; பழுப்புப் பாசியில் ஆல்ஜினேட், மானிட்டால், லாமினாரின். சர்க்கரை இருந்தால் ஈஸ்ட் தின்னும். ஈஸ்ட் தின்றால் எத்தனால் வரும். எனவே பாசியிலிருந்து கிடைக்கும் முதன்மையான திரவ எரிபொருள் எத்தனால்தான். சாராயம் என்றதும் நம்ம எல்லையோரக் கடைகள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல! இது இன்ஜினுக்கு ஊற்றுகிற சரக்கு.

மரம், வைக்கோலோடு ஒப்பிட்டால் பாசிக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் பாசியில் கிட்டத்தட்ட இல்லை. கடல் தண்ணீரே தாங்கிப் பிடிப்பதால் அதற்கு முதுகெலும்பு தேவைப்படவில்லை. ஆகவே உடைப்பது சுலபம்.

மண்டபத்துக்கு வந்த பாசி

நம் நாட்டில் இதற்கு ஆதாரமான நிறுவனம் குஜராத் மாநிலம் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம். 1954-இல் தொடங்கப்பட்டது. இதன் கிளை நம் பக்கத்தில் மண்டபத்தில் இருக்கிறது.

கப்பாஃபைகஸ் ஆல்வரேசி என்ற சிவப்புப் பாசியின் தாயகம் பிலிப்பைன்ஸ் பக்கம். ஜப்பான் வழியாக 1984-இல் இந்த நிலையத்துக்கு வந்தது. முதலில் குஜராத் கரையில் வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு 1995-இல் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாக் விரிகுடாவின் அமைதியான, ஆழமில்லாத தண்ணீர் அதற்குப் பிடித்துப்போனது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பெப்சிகோ நிறுவனம் தொழில்நுட்ப உரிமம் பெற்று, மகளிர் குழுக்கள் மூலம் ஒப்பந்த முறையில் வளர்க்க ஆரம்பித்தது. அதனால் ராமநாதபுரம் கரையில் இன்றும் இதற்கு ‘பெப்சி பாசி’ என்றுதான் பெயர்! 2008-இல் அந்தத் தொழில் அக்வாக்ரி என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது.

இதை வளர்த்தது எரிபொருளுக்காக அல்ல, கராஜீனனுக்காக. ஐஸ்கிரீம், டூத்பேஸ்ட் போன்றவற்றைக் கெட்டியாக, வழவழப்பாக வைப்பது இந்தப் பொருள்தான். எத்தனால் யோசனை அதற்குப் பிறகு வந்தது.

தெப்பம் கட்டும் முறை

மூங்கிலைச் சதுரமாகக் கட்டிய தெப்பம். பக்கத்துக்கு 3 மீட்டர். இதில் 20 கயிறு கட்டுவார்கள். ஒவ்வொரு கயிற்றிலும் 20 துண்டு விதைப்பாசி. துண்டு ஒன்று 150 கிராம் என்றால், மொத்தம் 400 துண்டு, 60 கிலோ விதை. மீன் கடிக்காமல் இருக்க அடியில் வலை. தெப்பங்களைச் சேர்த்து நங்கூரம் போட்டு மிதக்கவிட வேண்டியதுதான். பாசிக்கு வேண்டியதெல்லாம் வெயில், அலையாட்டம், தண்ணீரில் கரைந்த சத்து. 45 நாளில் அறுவடை. சராசரியாகத் தெப்பத்துக்கு 260 கிலோ பச்சைப்பாசி கிடைக்கும். அதில் 60 கிலோவை அடுத்த நடவுக்கு எடுத்துவைத்தால், கையில் நிற்பது 200 கிலோ. காயவைத்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே 20 கிலோ.

இந்த 20 கிலோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முழுக்க இதன்மேல்தான்.

பாசி எப்படி எத்தனால் ஆகிறது?

பாவ்நகர் நிலையத்து விஞ்ஞானிகள் 2012-இல் வெளியிட்ட ஆய்வின் வழிமுறை சுருக்கமாக:

1. பிழிதல்: அறுவடை செய்த பச்சைப்பாசியை உடனே அரைத்துச் சாறு பிழிவார்கள். சாறு தனி, சக்கை தனி. சாறு பயிருக்குத் தெளிக்கும் திரவ உரம். சக்கையில்தான் கராஜீனன் இருக்கிறது.

2. உடைத்தல்: சக்கையை நீர்த்த கந்தக அமிலத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் வேகவைப்பார்கள். அமிலத்தின் செறிவு 0.9 நார்மல், அதாவது லிட்டருக்குச் சுமார் 44 கிராம். சங்கிலி அறுந்து காலக்டோஸ் என்ற சர்க்கரை வெளிவரும். ஒரு தடவையில் கிடைக்கும் கரைசல் ரொம்ப நீர்த்துப்போனது. எனவே அதே கரைசலில் மறுபடி மறுபடி புதுச் சக்கையைப் போட்டுச் சர்க்கரையை ஏற்றுவார்கள். 16 கிலோ அளவில் செய்தபோது எடையில் சுமார் 30 சதவீதம் சர்க்கரையாக மாறியது.

3. அமிலம் போக்குதல்: சுண்ணாம்பு சேர்த்தால் அமிலம் ஜிப்சமாகப் படிந்துவிடும். வடிகட்ட வேண்டும்.

4. உப்பு போக்குதல்: இன்னும் உப்பு மிச்சமிருக்கும். உப்பு அதிகமானால் ஈஸ்ட் வேலை செய்யாது. எலக்ட்ரோடயாலிசிஸ் முறையில், அதாவது மின்சாரமும் சவ்வும் வைத்து, உப்பு அயனிகளை இழுத்துவிடுவார்கள்.

5. புளிக்கவைத்தல்: ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிட்டால் எத்தனால். கணக்குப்படி வரவேண்டியதில் 80 சதவீதம் கிடைத்தது.

6. காய்ச்சி வடித்தல்: சாதாரணமாகக் காய்ச்சினால் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அந்தப் புள்ளியில் ஆவியிலும் திரவத்திலும் ஒரே விகிதம். பெட்ரோலில் கலக்க வேண்டுமானால் மீதித் தண்ணீரை மாலிக்யுலர் சீவ் வைத்து எடுக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். கராஜீனன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்று வரும் சர்க்கரைகளில் ஒன்றுதான் காலக்டோஸ். மற்றது அதன் தண்ணீர் நீங்கிய உருவம். அதைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. அமிலத்தில் அதிகநேரம் வெந்தால் அது ஈஸ்ட்டுக்கே நஞ்சான பொருளாகவும் மாறும். கொதி கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். நம் வீட்டுப் பாகு பதம் மாதிரிதான்.

பழுப்புப் பாசியிலும் இதேபோலத்தான். ஆல்ஜினேட்டை ஈஸ்ட் தின்னாது. 2012-இல் அமெரிக்காவின் பயோ ஆர்க்கிடெக்சர் லேப் என்ற நிறுவனத்தார், ஆல்ஜினேட்டையும் தின்று எத்தனால் தரும்படி ஈ.கோலை பாக்டீரியாவை மரபணு மாற்றம் செய்து காட்டினார்கள். ‘சயின்ஸ்’ இதழில் அது வெளிவந்தது. ஆக, வேதியியல் பக்கம் கதவு திறந்துதான் இருக்கிறது.

இப்போது கணக்கு

பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தெப்பம், 45 நாள், காய்ந்த பாசி 20 கிலோ. அதில் 30 சதவீதம் சர்க்கரை என்று வைப்போம். (இது தாராளக் கணக்கு. ஆய்வில் சொன்ன 30 சதவீதம் சாறு பிழிந்த சக்கைக்கு. நாம் முழுப் பாசிக்கும் போடுகிறோம்.) சர்க்கரை 6 கிலோ.

180 கிராம் சர்க்கரையிலிருந்து 92 கிராம் எத்தனால் வரும். மீதி 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். அப்படியானால் 6 கிலோவுக்கு 3.07 கிலோ. அதில் 80 சதவீதம் 2.45 கிலோ. எத்தனாலின் அடர்த்தி லிட்டருக்கு 0.789 கிலோ. வகுத்தால் 3.1 லிட்டர்.

அவ்ளோதான்! ஒரு தெப்பத்தின் ஒன்றரை மாத உழைப்புக்கு மூன்று லிட்டர். ஒரு பைக் டேங்க் நிரப்ப மூன்று தெப்பத்துக்கு மேல் வேண்டும்.

டன் கணக்கில் பார்த்தால், ஒரு டன் பச்சைப்பாசிக்கு சுமார் 15 லிட்டர். ஒரு டன் கரும்புச் சாற்றை நேரே எத்தனால் ஆக்கினால் சுமார் 70 லிட்டர். கிலோவை வைத்துப் பார்த்தால் பாசி தோற்கிறது.

ஆனால் இடத்தை வைத்துப் பார்த்தால் கதை வேறு. ஒன்பது மாதத்தில் ஆறு அறுவடை; ஒரு ஹெக்டேர் கடலில் பாதியை வெறுமே விட்டு மீதிப் பாதியில் தெப்பம் போட்டால் 555 தெப்பம். வருஷத்துக்குப் பத்தாயிரம் லிட்டர் பக்கம் வரும். ஏக்கருக்கு 40 டன் விளையும் கரும்பு, ஹெக்டேருக்கு 7,000 லிட்டர்தான் தரும். அதுவும் பாசனம், உரம் எல்லாம் போட்டு. இந்த ஒப்பீட்டை மட்டும் காட்டித்தான் பலர் பாசி எரிபொருளைப் பெரிதாகப் பேசுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பாதிக் கணக்கு.

மீதிப் பாதி ரூபாய்க் கணக்கு. 2024-25 ஆண்டுக்கு எண்ணெய் நிறுவனங்கள் மொலாசஸ் எத்தனாலுக்கு (சி-ஹெவி வகை) கொடுத்த விலை லிட்டருக்கு 57 ரூபாய் 97 காசு. நம்ம 3.1 லிட்டருக்கு 180 ரூபாய். ஆலைச் செலவு, அமிலம், நீராவி, கூலி எல்லாமே இலவசம் என்று வைத்துக்கொண்டாலும், 20 கிலோ காய்ந்த பாசிக்குக் கொடுக்கமுடிந்தது 180 ரூபாய்தான். கிலோவுக்கு 9 ரூபாய். பச்சைப்பாசியானால் கிலோவுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. மாறாக, காய்ந்த பாசிக்கு கிலோ 50 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், எத்தனாலுக்கு மூலப்பொருள் செலவு மட்டும் லிட்டருக்கு 320 ரூபாயைத் தாண்டும்.

இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்று கயிறு கட்டுகிற ஒரு பெண்ணுக்கு, ஒன்றரை மாதத்துக்குத் தெப்பத்துக்கு 180 ரூபாய் என்றால் அது கூலியா? அவர் கராஜீனன் வியாபாரிக்கே விற்றுவிட்டுப் போவார். அதுதான் நியாயமும்கூட.

தண்ணீர்தான் எதிரி

ரூபாய் இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை. ஆனால் வெப்ப இயக்கவியல் யாருக்கும் சலுகை காட்டாது. 200 கிலோ பச்சைப்பாசியில் 180 கிலோ தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல். 180 கிலோவுக்கு 400 மெகாஜூலுக்கு மேல். நமக்குக் கிடைக்கும் 3.1 லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றலோ லிட்டருக்கு 21 வீதம் சுமார் 65 மெகாஜூல். அதாவது அடுப்பு வைத்துப் பாசியைக் காயவைத்தால், கிடைப்பதைப்போல் ஆறு மடங்கு ஆற்றலைத் தொலைப்போம். இதற்கு எந்தக் கம்பெனி விளம்பரமும் பதில் சொல்லமுடியாது.

ஆகவே வழி மூன்றுதான். ஒன்று, வெயிலில் காயவைப்பது. இலவசம், ஆனால் இடமும் நாளும் வேண்டும். மழை வந்தால் கெட்டது. இரண்டு, காயவைக்காமல் பிழிவது. நீரை ஆவியாக்காமல் பிழிந்தே எடுத்துவிட்டால் ஆற்றல் செலவு வெகுவாகக் குறையும். பாவ்நகர் முறையின் சூட்சுமமே இதுதான். மூன்று, தண்ணீரோடு அப்படியே சமைப்பது. சுமார் 300 முதல் 350 டிகிரி சூட்டில், 100 முதல் 200 பார் அழுத்தத்தில் ஈரப்பாசியைப் போட்டால் கச்சா எண்ணெய் மாதிரி ஒரு கருப்புத் திரவம் வரும். காயவைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் கடல் உப்பு குழாயை என்ன பாடு படுத்தும் என்று மெட்டலர்ஜி படித்தவர்களுக்குச் சொல்லவேண்டாம். வரும் எண்ணெயையும் மேலும் சுத்திகரிக்க வேண்டும்.

சாறு முதலில், சாராயம் கடைசியில்

அப்படியானால் பாசி எரிபொருள் வீண் கனவா? இல்லை, தோழர்களே. வரிசையை மாற்ற வேண்டும், அவ்வளவே.

கரும்பை யோசித்துப் பாருங்கள். சர்க்கரை விற்றபிறகு மிச்சமாகும் மொலாசஸில்தான் சாராயம் எடுத்தார்கள். சக்கை பாய்லருக்கு. ஆலைக்கழிவு வயலுக்கு. ஒரு பொருளில் நாலு காசு. பாசிக்கும் அதே பாடம்தான். முதலில் சாறு, அதில் பொட்டாசியமும் பயிர் வளர்ச்சி ஊக்கிகளும் இருக்கின்றன. அடுத்து கராஜீனன். அதற்குப் பிறகு மிஞ்சும் சக்கை, விலைபோகாத பாசி, புயலில் கரை ஒதுங்கியது, இவைதான் எரிபொருளுக்கு. பாவ்நகர் நிலையம் சாறும் கராஜீனனும் சேர்த்து எடுக்கும் முறைக்கு 2005-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. சாறும் எத்தனாலும் சேர்த்து எடுக்கும் முறைக்கு 2012-இல். இரண்டிலும் சாறு இருப்பதைக் கவனியுங்கள்.

இதே பாடத்தைத் தொழிலில் இறங்கிக் கற்றவர்களும் உண்டு. 2010-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த சீ6 எனர்ஜி என்ற நிறுவனம், பெயரிலேயே எனர்ஜி வைத்துக்கொண்டு பாசி எரிபொருளுக்காகத் தொடங்கியது. 2012-இல் டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நிறுவனத்தோடு, பாசியை என்சைம் வைத்துச் சர்க்கரையாக்க ஒப்பந்தமும் போட்டது. பிறகு அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்தது பயிர் ஊக்கி உரம். கடலில் இயந்திரத்தை ஓட்டி நடவும் அறுவடையும் செய்து விளைச்சல் செலவைக் குறைத்தால்தான் எரிபொருள் சாத்தியம் என்பது அவர்கள் போகும் வழி. இதைத் தோல்வி என்று சொல்லமாட்டேன். எதை முதலில் விற்றால் அடுப்பெரியும் என்று கண்டுபிடித்ததும் இன்ஜினியரிங்தானே!

அமெரிக்கர்களும் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கலிபோர்னியா கரைக்கு வெளியே ஆழ்கடலில் ராட்சதப் பாசி வளர்த்து எரிவாயு எடுக்கப் பார்த்தார்கள். புயலும் அலையும் அமைப்பைப் பிய்த்துப் போட்டன. எண்ணெய் விலை இறங்கியதும் திட்டமும் கரை ஒதுங்கியது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது கடலுக்காகவே சொன்ன பழமொழிபோலும்.

கடலுக்கும் ஒரு கணக்கு உண்டு

பாசி பயிர் என்றால் களையாகவும் மாறலாம். வெளிநாட்டிலிருந்து வந்த இந்தப் பாசி, மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளப் பாறைகள்மேல் படர்ந்து மூடியிருப்பதாக 2008-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஆய்வு வெளிவந்தது. வெளிச்சம் மறைந்தால் பவளம் சாகும். பவளம் செத்தால் மீன் போகும். அது தேசியப் பூங்கா பகுதி வேறு. அதற்கு முன்பே, 2005-இல், தமிழக அரசு இந்தப் பாசியை மன்னார் வளைகுடாப் பக்கம் வளர்க்காமல், பாக் விரிகுடாவிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் வளர்க்கலாம் என்று கட்டுப்படுத்தியிருந்தது.

இன்னொன்று நோய். 2013 வாக்கில் கடல் சூடு கூடியபோது பாசி வெளுத்து அழுகி, விளைச்சல் பெரிதும் சரிந்தது. 1995-இல் வந்த ஒரே விதைக் குடும்பத்தைத் துண்டு துண்டாக வெட்டி நட்டுக்கொண்டே வந்தால், ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். நல்ல விதை வேண்டும். மத்திய அரசு 2020-இல் மீன்வளத் திட்டத்தின்கீழ் கடற்பாசிக்கென 640 கோடி ஒதுக்கியதும், 2023-இல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியதும் இந்தக் குறையை மனதில் வைத்துத்தான்.

நம்ம கரையில் முடியுமா?

நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் கரையில் தெப்பம் போடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் ஆசைதான். ஆனால் நம்ம கடல் பாக் விரிகுடா மாதிரி அடங்கின கடல் இல்லை. நேரே அலை அடிக்கும். மூங்கில் தெப்பம் நிற்பது கஷ்டம்; குழாய்வலை போன்ற வேறு அமைப்பு வேண்டும். அடுத்தது தென்பெண்ணை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப்பின் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து நம் ஊர்களை மூழ்கடித்ததே, அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போனது? கடலுக்கு. ஆயிரத்துக்கு 30 பங்குக்குக் குறையாத உப்பை விரும்பும் பாசிக்குச் சேற்று நல்ல தண்ணீர் எமன். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன் அறுவடை முடிந்தாக வேண்டும்.

நாளைக்கே யாராவது நம் குப்பங்களுக்கு வந்து, ‘கடற்பாசி பெட்ரோல் திட்டம், மகளிர் குழு கடன் வாங்கித் தெப்பம் போடுங்கள்’ என்று சொன்னால், அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. காய்ந்த பாசி கிலோவுக்கு என்ன விலை எழுத்தில் தருவீர்கள்? சாறையும் கராஜீனனையும் யார் விற்பது? தண்ணீரை எப்படிப் போக்குவீர்கள்? மழைக்காலத்தில் தெப்பம் போனால் நஷ்டம் யாருக்கு? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம். நம் ஊர்ப் பெண்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது பக்கத்தில் நின்று கணக்குப் போட்டுத் தருவது, படித்த நம் கடமை.

டிப்ளமோக்காரருக்கு என்ன வேலை?

நிறையவே இருக்கிறது. கெமிக்கல் பிரிவினருக்குக் குறைந்த மின்சாரத்தில் உப்பு நீக்குவது. 3 சதவீதச் சாராயக் கரைசலைக் காய்ச்ச, 9 சதவீதக் கரைசலைவிட லிட்டருக்கு அதிக நீராவி ஆகும், அதை மிச்சப்படுத்துவது. மெக்கானிக்கல் பிரிவினருக்குப் படகிலேயே வைத்துப் பிழியும் ஸ்குரூ பிரஸ். சூடான கந்தக அமிலமும் குளோரைடும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316 கூடப் புள்ளி புள்ளியாக ஓட்டையாகிவிடும், எனவே கண்ணாடிப் பூச்சு, எஃப்.ஆர்.பி. கலன். சிவில் பிரிவினருக்கு அலை தாங்கும் நங்கூரமும் சூரிய உலர்களமும். எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் பிரிவினருக்குத் தண்ணீர் சூடும் உப்பும் அளந்து, கரையில் இருப்பவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தரும் சிறு கருவி. இறுதியாண்டு புராஜெக்டுக்கு அலைகிறவர்கள் இதில் ஏதாவது ஒன்றை எடுத்துச் செய்யலாமே! பிழியும் பிரஸ் ஒன்று உருப்படியாக வந்தாலே, தண்ணீர்க் கணக்கில் பாதி தீர்ந்துவிடும்.

2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை பாசியையும் மூலப்பொருளாக ஏற்றிருக்கிறது. ஆனால் கொள்கை ஏட்டில் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒரு தெப்பத்துக்கு மூன்று லிட்டர் என்ற எண்ணை நான்காக்குவதும், கயிறு கட்டும் கைக்குக் கிடைக்கும் கூலி குறையாமல் அதைச் செய்வதும்தான் நம் முன்னால் இருக்கும் வேலை. பட்டயம் வாங்கி வெளியே போகும் தோழர்களே, அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. வாழ்த்துகள்!